அரைப் புள்ளியில் போன பணமும் நடுவரின் தவறும்

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பணிபுரியும் 38 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு ஒரு வழக்கறிஞராக நான் எழுதும் பதில் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கேள்விக்குத் தேவையானதை மட்டும் முதலில் சுருக்கித் தருகிறேன்.

அவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். ஐ-140 மனு (நிரந்தரக் குடியேற்றத்துக்காக வேலை தரும் நிறுவனம் தாக்கல் செய்வது) ஏற்கப்பட்டு, கிரீன் கார்டுக்கான நீண்ட வரிசையில் காத்திருக்கிறார். மனைவியும் ஏழு வயது மகளும் உடனிருக்கிறார்கள். அலுவலக நண்பர்களோடு கல்லூரி அணிகளின் அமெரிக்க ஃபுட்பால் பார்க்கத் தொடங்கியவர், 2024 சீசனிலிருந்து பந்தயமும் கட்டி வருகிறார். டெக்சஸில் விளையாட்டுப் பந்தயத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை என்பதால், சனிக்கிழமை காலைகளில் நூறு மைலுக்கு மேல் காரோட்டி, சபீன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, லூசியானா எல்லைக்குள் ஒரு கேஸ் ஸ்டேஷன் ஓரமாக வண்டியை நிறுத்தி, அந்த மாநிலத்தின் உரிமம் பெற்ற ஒரு செயலியில் பந்தயங்களைக் கட்டிவிட்டு வீடு திரும்புவது அவருடைய வழக்கம்.

2025 செப்டம்பர் 20 அன்று ஆபர்ன் அணி, ஓக்லஹோமா அணியை அதன் சொந்த மைதானத்தில் சந்தித்தது. நம் வாசகர் ஆபர்னுக்கு 6.5 புள்ளி சேர்த்து 2,200 டாலர் கட்டியிருந்தார். இந்த விளையாட்டுக்குப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம்: இது யார் வெல்வார் என்ற பந்தயமல்ல, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்ற பந்தயம், இதை ஸ்பிரெட் என்பார்கள். ஆபர்ன் வென்றாலோ, 6 புள்ளி வரையிலான வித்தியாசத்தில் தோற்றாலோ அவருக்கு 2,000 டாலர் லாபம். 7 புள்ளியில் தோற்றால் கட்டிய பணம் முழுவதும் போய்விடும். ஆட்டம் 24–17 என்று ஓக்லஹோமாவுக்குச் சாதகமாக முடிந்தது. சரியாக ஏழு.

இரண்டாம் கால் பகுதியில் ஓக்லஹோமா வீரர் ஒருவர், மாற்று ஆட்டக்காரருக்காக வெளியேறுபவரைப் போல ஓரக்கோட்டை நோக்கி நடந்து, வெளியேறாமல் அங்கேயே நின்றுவிட்டார். அவரை ஆபர்ன் தடுப்பாளர்கள் கவனிக்கவில்லை. பந்து அவரிடம் வீசப்பட்டது, டச்டவுன் ஆனது (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது, ஆறு புள்ளி). ஆட்டம் முடிந்த பிறகு, அது விதி தடைசெய்யும் ஒளிந்து நிற்கும் தந்திரம் என்றும், நடுவர்கள் தண்டம் விதித்திருக்க வேண்டும் என்றும் எஸ்இசி மாநாடே ஒப்புக்கொண்டது. (மாநாடு என்றால் கூட்டமல்ல, பல்கலைக்கழக அணிகளின் போட்டிக் குழுமத்தை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.)

வாசகர் செயலி நிறுவனத்திடம் முறையிட்டார். மூன்று வரியில் மறுப்பு வந்தது. இப்போது அவர் கேட்பவை: நிறுவனத்தின் மீதோ மாநாட்டின் மீதோ வழக்குத் தொடுக்க முடியுமா? கட்டணத்தை வங்கி மூலம் திரும்பப் பெற முடியுமா? இனி அலைச்சல் வேண்டாம் என்று வெளிநாட்டுத் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கியிருப்பதும், கடனுக்குப் பந்தயம் ஏற்கும் உள்ளூர் புக்கி (உரிமமில்லாத பந்தயத் தரகர்) ஒருவரை நண்பர் அறிமுகப்படுத்தியிருப்பதும் ஆபத்தா? கடைசியாக, வரும் சீசனில் டெக்சஸ் அணி மீது 10,000 டாலர் கட்டினால் இழந்ததை எடுத்துவிடலாமே, தவறென்ன? மனைவியிடம் அந்த 2,200 டாலரைக் கார் பழுதுச் செலவு என்று சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். 2024 முதல் கட்டிய எல்லாப் பந்தயங்களையும் குறித்த ஒரு பட்டியலையும் இணைத்திருக்கிறார். அந்த நேர்மைக்கு நன்றி, ஏனென்றால் என் பதிலின் பாதி அந்தப் பட்டியலிலிருந்துதான் வருகிறது.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. நடுவர்கள் தவறு செய்தார்கள் என்பது உங்கள் கற்பனையல்ல. பொறுப்பான அமைப்பே சொல்லிவிட்டது. ஆனால் அந்த ஒப்புதலிலிருந்து உங்களுக்கு ஓர் உரிமை பிறக்கிறது என்று நீங்கள் நினைப்பதுதான் சட்டப்படி நிற்காது.

நீங்கள் எதன் மீது கட்டினீர்கள்?

செயலியில் கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் ஒப்புதல் அளிக்கும் விதிகளில், பந்தயம் எதை வைத்துத் தீர்க்கப்படும் என்று ஒரு பிரிவு இருக்கும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் விதிகள் இந்த இடத்தில் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றன: ஆட்டம் முடிந்த அன்று களத்தில் அறிவிக்கப்பட்ட இறுதிப் புள்ளிகளே கணக்கு, பின்னால் வரும் மேல்முறையீடு, நடுவர் இடைநீக்கம், புள்ளித் திருத்தம் எதுவும் கணக்கில் சேராது. ஆக, நீங்கள் பணம் கட்டியது ஆட்டம் விதிப்படி நடக்கும் என்ற உறுதியின் மீதல்ல. நடுவர்களின் பிழைகளையும் உள்ளடக்கி பலகையில் கடைசியாக நிற்கும் எண்களின் மீது. இதே விதி, வேறொரு சனிக்கிழமை தவறான தீர்ப்பால் நீங்கள் வென்ற பணத்தையும் காத்திருக்கும். அப்போது அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது, அவ்வளவுதான்.

மாநாட்டின் மீது வழக்கு என்பது இன்னும் மெலிந்த நூல். உங்களுக்கும் அதற்கும் ஒப்பந்தமே இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கி, அதனால் ஏதோ ஓர் ஒப்பந்தமாவது வைத்திருந்தவர்கள் தொடுத்த வழக்குகளே நிற்கவில்லை. 2007இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி எதிரணியின் சைகைகளைப் படம்பிடித்து மாட்டிக்கொண்டபோது, நியூயார்க் ஜெட்ஸ் அணியின் சீசன் சீட்டு வைத்திருந்த ஒருவர், நேர்மையான ஆட்டத்துக்காகத்தான் பணம் கொடுத்தேன் என்று வழக்குப் போட்டார். சீட்டு வாங்கியவருக்கு உள்ளே போய் அன்று நடக்கும் ஆட்டத்தைப் பார்க்கும் உரிமை உண்டு, அதற்கு மேல் இல்லை என்று 2010இல் மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தனைக்கும் அங்கே நடந்தது நடுவர் பிழையல்ல, அணியே செய்த விதிமீறல். லீக் அபராதமும் விதித்திருந்தது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் லூசியானாவிலேயே இருக்கிறது. 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸில் செயின்ட்ஸ் அணிக்கும் ராம்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பந்து வந்து சேர்வதற்குள் செயின்ட்ஸ் வீரரை மோதிச் சாய்த்ததை நடுவர்கள் தண்டிக்காமல் விட்டார்கள். ராம்ஸ் 26–23 என்று வென்று, தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போனது. ரசிகர்கள் தொடுத்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை ஏறி, அதே ஆண்டு செப்டம்பரில் தள்ளுபடியானது. அந்த மாநிலமே கொதித்துக்கொண்டிருந்த வேளையில், அந்த மாநிலத்து நீதிபதிகளே அப்படிச் சொன்னார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அதே ஆட்டத்துக்குப் பிறகு பாயிண்ட்ஸ்பெட் என்ற நிறுவனம் செயின்ட்ஸ் மீது கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததே என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தது உண்மை. அது வாடிக்கையாளரைக் கவர நிறுவனம் தானாகச் செய்த விளம்பரச் சலுகை. ஒருவர் கொடுத்தார் என்பதால் இன்னொருவர் கொடுத்தாக வேண்டும் என்று ஆகாது. லூசியானாவில் இந்தச் செயலிகளை மேற்பார்வையிடும் கேமிங் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. நீங்கள் 6.5இல் கட்டியதை நிறுவனம் 5.5 என்று பதிவுசெய்திருந்தாலோ, வென்ற பணத்தைத் தராமல் இழுத்தடித்தாலோ அங்கே முறையிடலாம். நடுவரின் பிழையைத் திருத்தும் அதிகாரம் அந்த வாரியத்துக்கு இல்லை.

அந்த டச்டவுன்தான் காரணமா?

சட்டத்தை விட்டுவிட்டு ஆட்டத்தையே பார்ப்போம். நான்காம் கால் பகுதியில் ஆபர்ன் 17–16 என்று முன்னிலைக்கு வந்தது. அதாவது, நீங்கள் இத்தனை மாதங்களாகச் சபித்துக்கொண்டிருக்கும் அந்த டச்டவுனுக்குப் பிறகும், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் உங்கள் பந்தயம் ஏழரைப் புள்ளி சௌகரியத்தோடு உயிருடன் இருந்தது. பிறகு ஓக்லஹோமா டச்டவுன் அடித்து, கூடுதல் இரண்டு புள்ளிக்கான முயற்சியில் தோற்று, 22–17 ஆனது. வித்தியாசம் ஐந்து, அப்போதும் பணம் உங்கள் பக்கம்தான். கடைசி நிமிடங்களில் ஆபர்னின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) தன் அணியின் எண்ட்சோனுக்குள்ளேயே, அதாவது தன் பக்கக் கடைசிக் கோட்டுக்குப் பின்னாலேயே, பிடிபட்டு விழுந்தார். அது சேஃப்டி, ஓக்லஹோமாவுக்கு இரண்டு புள்ளி. ஐந்து ஏழானது அந்த இடத்தில்தான். அந்த ஆட்டநகர்வைப் பற்றி யாருக்கும் எந்தச் சர்ச்சையும் இல்லை.

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் அந்த சேஃப்டியைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று சொல்லவில்லை. நமக்கு அநீதி நடந்த இடத்தில் நினைவு நங்கூரம் போட்டுவிடும், அதற்குப் பின் நடந்ததெல்லாம் மங்கிவிடும். இரண்டாம் கால் பகுதியிலேயே தண்டம் விதித்திருந்தால் மீதி ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்பதை எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. ஓக்லஹோமா பின்வாங்கிய இடத்திலிருந்து மறுபடி முயன்றிருக்கும். ஆபர்ன் வேறு விதமாக ஆடியிருக்கும். வழக்கில் இழப்புக்கும் தவறுக்கும் நேர்த்தொடர்பைக் காட்டவேண்டியவர் நீங்கள். இங்கே ஆட்டக்காணொளியே உங்களுக்கு எதிர்ச்சாட்சி.

சர்ச்சையான தீர்ப்பு என்றதும் ஸ்பிரெட் பந்தயமும் பாதிக்கப்பட்டதாக நினைப்பது பலரும் செய்யும் தவறு. 2016 செப்டம்பர் 10 அன்று ஓக்லஹோமா ஸ்டேட் 27–24 என்று முன்னிலையில் இருந்தபோது, விதிப்படி ஆட்டம் முடிந்திருக்க வேண்டிய இடத்தில் நடுவர்கள் சென்ட்ரல் மிச்சிகனுக்கு, கடிகாரம் முடிந்த பிறகும் ஒரு முறை ஆடவிடும் நேரமில்லா வாய்ப்பு ஒன்றைத் தவறாக வழங்கினார்கள். அந்த ஒற்றை வீச்சில் அது 30–27 என்று வென்றது. நடுவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், முடிவு மட்டும் மாறவில்லை. ஆனால் கவனியுங்கள்: ஓக்லஹோமா ஸ்டேட் பெரிய வித்தியாசத்தில் வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஆட்டம் அது. புள்ளி சேர்த்து சென்ட்ரல் மிச்சிகன் மீது கட்டியவர் மூன்று புள்ளியில் தோற்றிருந்தாலும் வென்றிருப்பார். பிழை புரட்டிப்போட்டது, யார் வெல்வார் என்று மட்டும் கட்டியவர்களைத்தான்.

முடிவுகள் பின்னால் மாற்றப்படுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1990 அக்டோபர் 6 அன்று கொலராடோ அணிக்கு, பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோக ஓர் அணிக்குத் தரப்படும் நான்கு வாய்ப்புகளுக்குப் பதில் தவறாக ஐந்து கிடைத்தன. ஐந்தாவதில் அது மிசூரியை 33–31 என்று வென்றது. அந்த முடிவு நின்றது மட்டுமல்ல, அந்த ஆண்டின் தேசியப் பட்டத்தையும் கொலராடோ பகிர்ந்துகொண்டது. மாறிய ஓர் உதாரணமும் உண்டு: 1940இல் இதே போல ஐந்தாவது வாய்ப்பில் டார்ட்மத்தை 7–3 என்று வென்ற கார்னெல், ஆட்டப் படச்சுருளைப் பார்த்துவிட்டுத் தந்தியில் வெற்றியை விட்டுக்கொடுத்தது, ஆட்டம் டார்ட்மத்துக்கு 3–0 என்று பதிவாயிற்று. எந்த மாநாடும் கட்டளையிட்டு அல்ல, வென்றவர்களின் மனச்சாட்சியால்.

நடுவர்கள் விலைபோயிருப்பார்களோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு ஒரு வார்த்தை. அப்படி நடந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். என்பிஏ கூடைப்பந்து நடுவர் டிம் டோனகி 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனவர். ஆனால் அவரைப் பிடித்தது எஃப்பிஐ விசாரணை, ரசிகர்கள் வெட்டி ஒட்டிய காணொளிகள் அல்ல. கல்லூரி ஆட்ட நடுவர்களில் பெரும்பாலோர் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். அந்த நடுவர் வேலை செய்யும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே ஒரு கடிதம் அனுப்பத் தயாராக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். மிரட்டல் என்று வாசிக்கத்தக்க ஒரு வரி மாநில எல்லையைத் தாண்டிப் போனால் அது கூட்டாட்சிக் குற்றமாகலாம். விசாவில் இருப்பவர் விளையாட்டுக்குக்கூடத் தொடக்கூடாத இடம் அது.

ஒரே வரியில் வந்துபோன விஷயம்

உங்கள் கேள்விகளில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. "நண்பர்கள் நான்கு பேருடைய பணத்தையும் நானே கொண்டுபோய்க் கட்டுவேன், ஜெயித்தால் பெட்ரோல் செலவுக்கு ஐந்து சதவீதம் எடுத்துக்கொள்வேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் லூசியானாவுக்குள் நின்று, உரிமம் பெற்ற செயலியில், உங்கள் சொந்தப் பணத்தைக் கட்டுவது அங்கே சட்டப்படி சரி. டெக்சஸில் வீட்டு சோபாவில் உட்கார்ந்து வெளிநாட்டுத் தளத்தில் கட்டுவது டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 47ஆம் அத்தியாயத்தில் சூதாட்டக் குற்றம். மிகச் சிறிய வகை, 500 டாலர் வரை அபராதம். ஆனால் பிறர் பந்தயம் கட்டக் கொடுக்கும் பணத்தை ஆதாயத்துக்காகக் கையில் வாங்கி வைப்பதை அதே அத்தியாயம் சூதாட்டத்தை வளர்க்கும் குற்றம் என்று தனியாக வகைப்படுத்துகிறது. அது ஏ வகுப்புக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். நீங்கள் பணத்தை வாங்குவது ஹூஸ்டனில். ஐந்து சதவீதம் என்பது ஆதாயம். பெட்ரோல் செலவு என்ற பெயர் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று பரிசோதித்துப் பார்க்கும் நிலையில் நீங்கள் இல்லை. அடுத்தவருக்காகக் கட்டுவதை நிறுவன விதிகளும் பொதுவாகத் தடைசெய்கின்றன. தெரியவந்தால் கணக்கை முடக்குவார்கள்.

உங்கள் விசாவோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். எச்-1பி உங்களை ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய அனுமதிக்கிறது. கமிஷன் வாங்கிச் செய்யும் பக்க வேலை எதுவும் அங்கீகாரமற்ற வேலை என்ற கேள்வியைக் கிளப்பலாம். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கைது, குற்றச்சாட்டு பற்றிய கேள்விகளுக்கு உண்மையான விடை தரவேண்டும், சிறிய வழக்காக இருந்தாலும். பிற்பாடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை பார்க்கப்படும். அந்தக் காலத்தில் இரண்டு சூதாட்டக் குற்றங்களில் தண்டனை பெற்றவரையும், சட்டவிரோதச் சூதாட்டத்தையே முதன்மை வருமானமாகக் கொண்டவரையும் சட்டம் பெயர்சொல்லி விலக்குகிறது. உங்கள் நிலைமை இன்று அந்த இடத்துக்கு வரவில்லை. வராமலே இருக்கவேண்டுமானால் நண்பர்களின் பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காரணம் கேட்டால் வழக்கறிஞர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

வங்கியும் புக்கியும்

நீங்களே அனுமதித்த கட்டணத்தை "நான் செய்யவில்லை" என்று வங்கியிடம் எழுதினால் அது பொய்யான அறிக்கை. நிறுவனத்திடம் உங்கள் கைபேசி நின்ற இடம் உட்பட எல்லாப் பதிவும் இருக்கிறது. உங்கள் காரை அந்தக் கேஸ் ஸ்டேஷன் வரை வரைபடத்தில் காட்டிவிடுவார்கள். "சேவை சரியில்லை" என்று எழுதினாலும், பந்தயம் ஏற்கப்பட்டு விதிப்படி தீர்க்கப்பட்டிருக்கிறது, சேவையில் குறையில்லை. இந்த வழியை மறந்துவிடுங்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் போட்ட பணத்துக்கு எந்த மாநில வாரியமும் பொறுப்பல்ல. அவர்கள் தராவிட்டால் கேட்பதற்கு இடமில்லை. புக்கியின் கடன் அதைவிட மோசம். சட்டவிரோதப் பந்தயக் கடனை வசூலித்துத் தர டெக்சஸ் நீதிமன்றங்கள் பொதுவாக முன்வருவதில்லை என்பது உங்களுக்குச் சாதகம் போலத் தோன்றும். நீதிமன்றத்துக்குப் போக முடியாதவர் வசூலுக்கு வேறு எங்கே வருவார் என்று யோசித்தால் அந்தச் சாதகம் புரியும்.

உங்கள் பட்டியல் சொல்வது

ஸ்பிரெட் பந்தயத்தில் 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்டவேண்டும். ஆகவே பாதிக்குப் பாதி வென்றால் நஷ்டம்; கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 பந்தயங்களுக்குக் குறையாமல் வெல்லவேண்டும். ஆபர்ன் ஆட்டத்துக்கு முன் நீங்கள் 220 டாலர் வீதம் 40 பந்தயங்கள் கட்டியிருக்கிறீர்கள். அவற்றில் 21 வெற்றி, 19 தோல்வி. 4,200 வரவு, 4,180 செலவு. ஓராண்டு உழைப்புக்கு 20 டாலர் லாபம். ஆட்டத்தை உண்மையிலேயே கவனித்துப் பார்ப்பவர் நீங்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கவனிப்பின் விலை 20 டாலர்; சபீன் பாலம் வரை ஒரு முறை போய்வரும் பெட்ரோலுக்குக் கூடக் காணாது.

அதற்குப் பிறகுதான் மனம் கனத்தது. செப்டம்பர் 20க்குப் பின் கட்டிய 24 பந்தயங்களும் 1,100 டாலர் வீதம், ஐந்து மடங்கு. பத்தில் வெற்றி, பதினான்கில் தோல்வி, நிகர நஷ்டம் 5,400. இடையிடையே மூன்று ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டிய 100 டாலர் பார்லே பதினெட்டு. ஒன்று மட்டும் வென்று 600 கொடுத்தது, மற்ற பதினேழும் போயின, அதில் 1,100 நஷ்டம். (சமவாய்ப்புள்ள மூன்று ஆட்டங்களும் ஒன்றாக வெல்ல எட்டில் ஒரு வாய்ப்பு, ஒன்றுக்கு ஏழு தந்தால்தான் நியாயவிலை. ஆறு தருகிறார்கள்.) மொத்த நஷ்டம் 8,680 டாலர். அதில் நடுவர்கள் மீது நீங்கள் போடும் பழி, அதை முழுவதும் ஏற்றுக்கொண்டாலும், 2,200. மீதி 6,480 டாலரில் எந்த நடுவருக்கும் பங்கில்லை. அதில் பெரும்பகுதி, பறிபோனதாக நீங்கள் நினைத்ததை மீட்கப் போய் இழந்தது.

இந்த நிலையில்தான் வரும் சீசனில் டெக்சஸ் மீது 10,000 என்கிறீர்கள். குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் இருக்கிறார், அணி பலமாக இருக்கிறது என்ற வாதம் எனக்குப் பழக்கமாகத் தெரிகிறது. போன ஆகஸ்டிலும் இதையேதான் எல்லாரும் சொன்னார்கள். விளையாட்டுச் செய்தியாளர்கள் அணிகளைத் தரவரிசைப்படுத்தும் ஏபி வாக்கெடுப்பில் வரலாற்றிலேயே முதல்முறையாகச் சீசனுக்கு முன் முதலிடத்தில் நின்ற டெக்சஸ், ஆகஸ்ட் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14–7 என்று தோற்றுத் தொடங்கி, மூன்று தோல்விகளோடு பன்னிரண்டு அணிகளின் பிளேஆஃப் சுற்றுக்கு வெளியே நின்றது. அதற்கு முந்தைய 2024இல் பத்தாம் இடத்தில் தொடங்கிய ஃப்ளோரிடா ஸ்டேட் 2 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தது. அதே ஆண்டு நவம்பரில் சொந்த மைதானத்தில் பெரிய வித்தியாசத்தில் வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்டு மிச்சிகனிடம் 13–10 என்று தோற்ற ஒஹாயோ ஸ்டேட், ஜனவரியில் தேசியப் பட்டத்தை வென்றது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் பதிவுசெய்யும் முறை) வழியாக ஆண்டுக்கு ஆண்டு பாதி அணி மாறும் விளையாட்டில் எட்டு மாதம் முன்னதாகக் கட்டுவது என்பது, அந்த எட்டு மாதமும் உங்கள் பணத்தை நிறுவனத்திடம் வட்டியில்லாமல் விட்டுவைப்பதும்தான். உங்களுக்குத் தெரிந்த மேனிங்கின் பெயர், விலை நிர்ணயிப்பவர்களுக்கும் தெரியும்.

வரியும் வீடும்

நிகரத்தில் நஷ்டம்தானே, வரிக்கணக்கில் காட்டவேண்டியதில்லை என்று எழுதியிருப்பது தவறு. வென்ற பந்தயங்களின் தொகை வருமானமாகக் காட்டப்படவேண்டும். ஆபர்ன் ஆட்டத்துக்குப் பிறகு மட்டுமே, பார்லேயையும் சேர்த்து, 10,600 டாலர் வென்றிருக்கிறீர்கள். தோற்றதைக் கழிக்கவேண்டுமானால் செலவுகளை இனம்பிரித்துக் காட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தம்பதியருக்கான 2025ஆம் ஆண்டின் நிலைக்கழிவு (செலவுகளைப் பிரித்துக் காட்டாமலே கழித்துக்கொள்ளும் தொகை) 31,500 டாலர். வாடகை வீட்டில் இருக்கும் நீங்கள் அதைத்தான் எடுப்பீர்கள், எடுத்தால் பந்தய நஷ்டத்தில் ஒரு டாலரும் கழியாது. 8,680 இழந்த பிறகும் 10,600க்கு வரி. 2026 முதல் இது இன்னும் இறுகுகிறது: இனம்பிரித்துக் காட்டுபவர்களும் நஷ்டத்தில் 90 சதவீதத்தையே கழிக்கமுடியும். 20,000 வென்று 20,000 தோற்றவர் கையில் ஒன்றுமில்லாமல் 2,000க்கு வரி கட்டுவார். லூசியானாவில் வென்றதற்கு அந்த மாநிலத்திலும் கணக்குத் தாக்கல் செய்யவேண்டி வரலாம்.

டெக்சஸ் சட்டத்தில் திருமணத்துக்குப் பிறகான சம்பாத்தியம் இருவருக்கும் பொதுச் சொத்து. கார் பழுதுக்கென்று சொன்ன பணத்தில் பாதி அவருடையது. கூட்டாக வரிக்கணக்கில் கையெழுத்திடும்போது பந்தய வருமானம் அவர் கண்ணுக்கு எப்படியும் வரும். அந்தக் காகிதத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, எனக்கு அனுப்பிய அதே பட்டியலை நீங்களே அவர்முன் வைப்பது நல்லது. இழந்ததை மீட்கத் தொகையை ஐந்து மடங்காக்கியதும், வீட்டில் மறைத்ததும் ஆலோசகர்கள் உடனே கவனிக்கும் அறிகுறிகள். 1-800-426-2537 என்ற உதவி எண்ணில் கட்டணமில்லாமல், பெயர் சொல்லாமல் பேசலாம், டெக்சஸிலிருந்தும் அழைக்கலாம். லூசியானாவில் தன்விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் உங்கள் பெயரை நீங்களே சேர்த்துவிட்டால், பாலத்தைக் கடந்தாலும் உரிமம் பெற்ற செயலிகள் உங்களை ஏற்காது.

அதைச் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. செயலிக்குள் போய், 2024 முதல் இன்றுவரையான கணக்கறிக்கையை ஆண்டுவாரியாகத் தரவிறக்கி வையுங்கள். கணக்கு மூடியபின் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். ஏப்ரல் 15க்கு முன் வரிக் கணக்காளர் முதலில் கேட்கப்போவது அந்த அறிக்கையைத்தான்.